நாலாவிலிருந்து நரேலாவுக்கு

தமிழ்நாடு எக்ஸ்பிரஸ் ஒக்லாவைத் தாண்டியதும் வேகம் குறையும். ஊரிலிருந்து வருகிறவர்கள் பெட்டிகளை இறக்கிவைத்துக்கொண்டே ஜன்னலுக்கு வெளியே பார்ப்பார்கள். தண்டவாளத்தை ஒட்டிச் செங்கல் சுவர்கள், தகரக் கூரைகள், நீல பிளாஸ்டிக் ஷீட், கயிற்றுக் கட்டிலில் யாரோ ஒருவர் பல் துலக்கிக்கொண்டிருப்பார். என் சித்தப்பா முதல்முறை டெல்லி வந்தபோது நிஜாமுதீன் வருவதற்குள் கேட்டுவிட்டார்: "தலைநகரம்னு பேரு. இவங்களுக்கு வேற இடமே கிடைக்கலையாடா?"

கிடைக்கவில்லை என்பதுதான் பதில். ஏன் கிடைக்கவில்லை என்று சொல்லத்தான் நேரம் பிடிக்கும்.

டெல்லியில் நிலத்துக்குப் பெரிய மிராசுதார் அரசுதான். டிடிஏ என்று எல்லோரும் சொல்கிற டெல்லி வளர்ச்சி ஆணையம் 1957இல் அமைந்தது. 1961 முதல் நகரைச் சுற்றியிருந்த கிராமங்களின் விளைநிலங்களை மொத்தம் மொத்தமாகக் கையகப்படுத்தினார்கள். நிலம் தனியார் கையில் இருந்தால் விலை ஏறும், ஏழைக்கு எட்டாது என்பது அப்போது சொன்ன காரணங்களில் ஒன்று. 1962இல் வந்த முதல் மாஸ்டர் பிளான், பிழைப்புத் தேடி வரும் குறைந்த வருமானக்காரர்களுக்காக நகரின் பல பகுதிகளிலும் இடம் ஒதுக்கச் சொன்னது. எழுதினதோடு சரி. காலனிகள் வந்தன, மேம்பாலங்கள் வந்தன, அரசு ஊழியர் குடியிருப்புகள் வந்தன. அவற்றைக் கட்டிய கொத்தனார் எங்கே தூங்குவார், அவற்றைப் பெருக்கித் துடைப்பவர் எங்கே சமைப்பார் என்பதற்கு வரைபடத்தில் கட்டம் போடவில்லை. கட்டம் போடாத இடங்களில் அவர்கள் உட்கார்ந்தார்கள்.

அப்படிப்பட்ட இடங்கள் எவை என்று பார்த்தால் ஒரு ஒழுங்கு தெரியும். ரயில்வே நிலம், யமுனைக் கரை, பாறைக் காட்டு விளிம்பு, பிறகு நாலா. நாலா என்றால் ஒரு காலத்தில் மழைநீர் ஓடிய ஓடை, இப்போது சாக்கடை. யாரும் விலை கேட்காத, வெயிலில் நாறுகிற, மழையில் பொங்குகிற நிலம். ஆனால் அந்த நாலாக்கள் நகரின் பணக்காரப் பகுதிகளுக்கு நடுவே ஓடுகின்றன. ஏழைக்கு வேண்டியது அந்த நாற்றத்துக்கு அப்பால் இருக்கிற பங்களாவில் கிடைக்கிற வேலை. பங்களாவை இங்கே கோட்டி என்பார்கள்.

எங்கள் குடியிருப்பில் ஐந்து வீடுகளில் வேலை பார்த்துவந்த அக்கா ஒருவர் உண்டு, விழுப்புரம் பக்கம். அவர் இருந்த கேம்ப், அதாவது குடிசைக் குடியிருப்பு, எங்கள் வாசலிலிருந்து பன்னிரண்டு நிமிட நடை. காலை ஆறேகாலுக்கு முதல் வீட்டில் பாத்திரம். ஏழு மணிக்கு இரண்டாவது வீட்டில் டிபன், பள்ளிக்கூட வேன் வருவதற்குள் முடிக்க வேண்டும். பிறகு இரண்டு வீடுகளில் ஜாடு-போச்சா, அதாவது பெருக்கித் துடைப்பது. பதினொன்றுக்குத் தன் வீட்டுக்கு ஓடினால் குழாயில் தண்ணீர் நிற்பதற்குள் பிடித்துவிடலாம். குழந்தைக்குச் சோறு, ஒரு மணி நேரம் படுக்கை, நாலு மணிக்கு மறுபடி கோட்டி. இந்தக் கணக்கில் நடக்கிற தூரம் பன்னிரண்டு நிமிடம் என்பதால்தான் ஐந்து வீடு. அது நாற்பது நிமிடம் ஆனால் மூன்று வீடு. இரண்டு மணி நேரம் ஆனால் கணக்கே இல்லை. ஏழு மணி டிபன் வேலைக்கு ஏழேகாலுக்கு வருகிறவரை எந்த வீட்டுக்காரம்மாவும் வைத்துக்கொள்ள மாட்டார். நானும் மாட்டேன், உண்மையைச் சொன்னால்.

நாலாவோரம் என்பது அவருக்கு முகவரியை விட முக்கியமான ஒன்று. அது அவருடைய தொழில் உபகரணம். தையற்காரருக்கு மிஷின் மாதிரி.

டெல்லியில் ஏழைகள் எத்தனை பேர், எங்கே இருக்கிறார்கள் என்று தேடப் போனால் முதலில் சொற்களில் மாட்டிக்கொள்வோம். 2011 மக்கள்தொகைக் கணக்குப்படி மும்பை மாநகரில் குடிசைப் பகுதிக் குடும்பங்கள் 41 சதவீதம், சென்னையில் 28 சதவீதத்துக்கு மேல், டெல்லியில் 15 சதவீதத்தை ஒட்டி. அப்படியானால் டெல்லியில் ஏழைகள் குறைவா? இல்லை, டெல்லியில் பெயர்கள் அதிகம். இங்கே அரசாங்கமே குடியிருப்புகளை எட்டு வகையாகப் பிரித்து வைத்திருக்கிறது. 2000ஆம் ஆண்டுக்கான அரசின் மதிப்பீடு ஒன்று அடிக்கடி மேற்கோள் காட்டப்படும். அதன்படி திட்டமிட்ட காலனிகளில் இருந்தவர்கள் 23.7 சதவீதம்தான். நகரத்தின் கால்வாசிக்கும் குறைவு. மற்றவர்கள் எல்லோரும் ஏதோ ஒரு அடைமொழியோடு வாழ்ந்தார்கள்: ஜுக்கிக் கூட்டங்கள் (ஜுக்கி என்றால் குடிசை), அறிவிக்கப்பட்ட ஸ்லம், அனுமதியற்ற காலனி, ஒழுங்குபடுத்தப்பட்ட அனுமதியற்ற காலனி, மறுகுடியமர்வு காலனி, நகரக் கிராமம், நாட்டுப்புறக் கிராமம். "ஒழுங்குபடுத்தப்பட்ட அனுமதியற்ற" என்ற சொற்றொடரைக் கண்டுபிடித்த அதிகாரிக்கு ஒரு விருது கொடுக்கலாம்.

இந்தப் பெயர்களில்தான் தலையெழுத்து இருக்கிறது. சட்டப்படி "ஸ்லம்" என்றால் 1956ஆம் ஆண்டுச் சட்டத்தின் கீழ் அறிவிக்கப்பட்ட பகுதி. அதில் பெரும்பகுதி பழைய டெல்லியின் மதில் நகரம். அங்கே இருப்பவரை வெளியேற்ற முறையான நடைமுறை உண்டு. நாம் பார்த்ததும் ஸ்லம் என்று சொல்கிற ஜுக்கிகள் அந்தப் பட்டியலில் இல்லை. பல பத்தாண்டுகளாகப் புதிதாக எதையும் அதில் சேர்க்கவும் இல்லை. ஆக, ஜுக்கியில் இருப்பவர் சட்டத்தின் கண்ணில் குடிசைவாசிகூட இல்லை, ஆக்கிரமிப்பாளர். டெல்லி நகர்ப்புற உறைவிட மேம்பாட்டு வாரியத்தின் பட்டியலில் இப்படி 675 ஜுக்கிக் கூட்டங்கள், ஏறக்குறைய 3 லட்சம் குடும்பங்கள். இவை எல்லாம் சேர்ந்து பிடித்திருக்கிற இடம் டெல்லியின் மொத்தப் பரப்பில் 1 சதவீதத்துக்கும் குறைவு.

அனுமதியற்ற காலனிக்காரரின் நிலை வேறு. அவர் விவசாய நிலத்தைத் துண்டு போட்டு விற்ற தரகரிடம் காசு கொடுத்து வாங்கியவர். பத்திரம் இல்லை, பவர் ஆஃப் அட்டர்னி காகிதம் இருக்கும். சங்கம் விஹார் மாதிரி ஊர் அளவு பெருத்த காலனிகளில் இன்றும் தண்ணீர் டேங்கருக்குக் குடத்தோடு நிற்கிறார்கள். ஆனால் அவர்களுக்கு ஓட்டு பலம் உண்டு. 2019இல் 1,731 காலனிகளில் சுமார் 40 லட்சம் பேருக்கு உரிமை கொடுக்கும் சட்டம் நாடாளுமன்றத்திலேயே நிறைவேறியது. காசு கொடுத்துத் தப்பான இடத்தை வாங்கியவருக்கு ஒரு நியாயம், காசில்லாமல் தப்பான இடத்தில் உட்கார்ந்தவருக்கு வேறு நியாயம்.

இவற்றில் எதிலும் சொந்தமாக இடம் பிடிக்க முடியாதவர்கள் வாடகைக்குப் போகிறார்கள். அதற்கு லால் டோரா கிராமங்கள். 1908 வாக்கில் வருவாய்த் துறையினர் கிராமத்தின் குடியிருப்புப் பகுதியைச் சுற்றி வரைபடத்தில் சிவப்புக் கோடு போட்டார்கள். கோட்டுக்கு உள்ளே நிலவரி கிடையாது, பின்னாளில் கட்டட விதிகளும் பெரிதாக எட்டிப் பார்க்கவில்லை. வயல் போய்விட்டது, கோடு தங்கிவிட்டது. கோட்லா முபாரக்பூர், முனிர்கா மாதிரி இடங்களில் கையை நீட்டினால் எதிர்வீட்டு பால்கனி. மாடிக்கு மாடி பத்துக்குப் பத்து அறைகள், தளத்துக்கு ஒரு கழிப்பறை, மின்சாரத்துக்குத் தனி மீட்டர். அரசாங்கம் கட்டாத ஏழை வீடுகளை நகரத்துக்குள்ளே உண்மையில் கட்டித் தந்தவர்கள் இந்தக் கிராமத்து வீட்டுக்காரர்கள்தான், அவர்கள் வாங்குகிற வாடகை நம் வயிற்றைக் கலக்கினாலும்.

அகற்றுவதும் இங்கே புதிதல்ல. 1960 வாக்கில் ஜுக்கிகளை எடுத்தபோது மாற்று மனை 80 சதுர கஜம், நம் கணக்கில் 720 சதுர அடி. நெருக்கடி நிலை காலத்தில், 1975க்கும் 77க்கும் இடையே, சுமார் 7 லட்சம் பேரை லாரிகளில் ஏற்றி யமுனைக்கு அந்தப் பக்கமும் நகரின் ஓரங்களிலும் இறக்கினார்கள். திரிலோக்புரி, கல்யாண்புரி, மங்கோல்புரி, தக்ஷிண்புரி எல்லாம் அப்போது பிறந்த பெயர்கள். மனை 25 கஜமாகியிருந்தது. அதற்குப் பிறகு 18 சதுர மீட்டர். 2000களில் நகரின் வடமேற்கு ஓரத்துப் பவானா போன்ற இடங்களில் பலருக்குக் கிடைத்தது 12.5 சதுர மீட்டர், அதாவது 135 சதுர அடி. நம் ஊர் வீடுகளில் திண்ணையே அதைவிடப் பெரிதாக இருக்கும். மனை சுருங்கச் சுருங்கத் தூரம் நீண்டது.

நீதிமன்றங்களின் குரலும் ஒரே மாதிரி இருந்ததில்லை. 1985இல் மும்பை நடைபாதைவாசிகள் வழக்கில், வாழும் உரிமைக்குள் பிழைப்பும் அடங்கும் என்றது உச்ச நீதிமன்றம். 2000இல் டெல்லிக் குப்பை பற்றிய வழக்கில் அதே நீதிமன்றம், பொது நிலத்தைப் பிடித்தவருக்கு இலவச மாற்றிடம் கொடுப்பது பிக்பாக்கெட்காரனுக்குப் பரிசு கொடுப்பதற்குச் சமம் என்றது. அந்த வாசகத்தின் நிழலில்தான் 2004இல் யமுனா புஷ்தா குடிசைப் பகுதி காலியானது. லட்சத்துக்கும் மேற்பட்டோர் ஆற்றங்கரையிலிருந்து எழுப்பப்பட்டார்கள். ஆற்றுச் சமவெளியில் யாரும் இருக்கக் கூடாது என்றார்கள். சில ஆண்டுகளில் எதிர்க்கரைச் சமவெளியில் காமன்வெல்த் விளையாட்டுக் கிராமம் எழுந்தது. 2010இல் டெல்லி உயர் நீதிமன்றம் கொஞ்சம் திருப்பிப் போட்டது: முதலில் கணக்கெடு, அங்கே இருப்பவர்களிடம் பேசு, மாற்று ஏற்பாடு செய், பிறகுதான் புல்டோசர் என்றது. அதன் தொடர்ச்சியாக 2015இல் ஒரு மறுவாழ்வுக் கொள்கையும் வந்தது.

அந்தக் கொள்கை நடைமுறையில் எப்படி வேலை செய்கிறது என்பதற்கு நமக்கு மிக அருகிலான உதாரணம் ஜங்புராவின் மதராசி கேம்ப். பாராபுல்லா நாலாவை ஒட்டி அரை நூற்றாண்டுக்கும் மேலாக இருந்த தமிழ்க் குடியிருப்பு. நாலாவுக்குப் பெயர் கொடுத்தது பக்கத்திலிருக்கிற ஜஹாங்கீர் காலத்துப் பாலம், பன்னிரண்டு தூண்கள். கேம்ப்பின் ஆண்கள் கூலி வேலைக்கும் பெயின்டிங்குக்கும் போனார்கள், பெண்கள் ஜங்புரா, நிஜாமுதீன் பக்கத்துக் கோட்டிகளுக்கு. பிள்ளைகள் பலர் டெல்லித் தமிழ்க் கல்விக் கழகப் பள்ளிகளில் தமிழில் எழுதப் படிக்கக் கற்றார்கள். நாலா அடைத்துக்கொண்டு மழைக்காலத்தில் சுற்றுப்புறம் வெள்ளக்காடாகிறது, தூர்வார இடம் வேண்டும் என்ற வழக்கில் டெல்லி உயர் நீதிமன்றம் 2025 மே மாதம் உத்தரவிட்டது. ஜூன் 1 அன்று கேம்ப் இடிக்கப்பட்டது.

நாலா அடைபட்டது உண்மை. அதை மறுக்கிறவர்கள் ஜூலையில் அந்தப் பக்கம் போனதில்லை. ஆனால் அதே நாலாவுக்கு மேலேதான் காமன்வெல்த் போட்டிக்காகக் கட்டிய பாராபுல்லா மேம்பாலச் சாலை தூண் தூணாக ஓடுகிறது. கார் போகிற பாலத்துக்கு நாலா இடம் கொடுத்தது.

ஏறக்குறைய 370 வீடுகளில் மாற்றுக் குடியிருப்புக்குத் தகுதி என்று வந்தது 215. மீதிப்பேருக்குக் காகிதம் சரியில்லை. தகுதி பெற்றவர்களுக்கு ஃபிளாட் கிடைத்தது நரேலாவில், நகரின் வடக்கு எல்லையில், சாலை வழியே ஏறக்குறைய 40 கிலோமீட்டர் தள்ளி. 2015 கொள்கையை எடுத்துப் படித்தால், மாற்று வீடு அதே நிலத்திலோ 5 கிலோமீட்டர் சுற்றளவிலோ தர முயல வேண்டும், அதைத் தாண்டுவது விதிவிலக்காக மட்டுமே இருக்கலாம் என்று இருக்கிறது. விதிவிலக்கு வழக்கமாகிப் பல காலம் ஆகிறது.

அந்தக் காகிதம் என்பது என்ன? ஜுக்கிக் கூட்டம் 2006 ஜனவரி 1க்கு முன்பிருந்தே இருக்க வேண்டும். அதில் ஒருவர் 2015 ஜனவரி 1க்கு முன்பே குடியிருந்திருக்க வேண்டும். அதற்குச் சாட்சியாக 2012 முதல் அந்தத் தேதிவரையிலான வாக்காளர் பட்டியல்களில் ஒன்றிலாவது பெயர், கணக்கெடுக்கும் ஆண்டின் பட்டியலிலும் பெயர், கூடவே ரேஷன் கார்டு, மின் ரசீது போன்ற ஆவணம் ஒன்று. கேட்க எளிதாகத்தான் இருக்கிறது. தமிழருக்கு இதில் இரண்டு கண்ணிகள். பழனியம்மாள் என்ற பெயரை எடுத்துக்கொள்ளுங்கள். இந்திக்காரர் ஒருவர் கேட்டு எழுதினால் பலனி அம்மா. அடுத்தவர் எழுதினால் பல்லி அம்மா. ஆதாரில் இனிஷியல் முன்னால், ரேஷன் கார்டில் பின்னால், வங்கிப் புத்தகத்தில் புருஷன் பெயர் குடும்பப் பெயராகிவிடும். மூன்றும் ஒரே ஆள் என்று சர்வேக்காரரிடம் நிரூபிக்க வேண்டும். இன்னொன்று ஊர்ப் பாசம். பொங்கல் பரிசுக்காகவும் மருத்துவக் காப்பீட்டுக்காகவும் பலர் ரேஷன் கார்டையும் ஓட்டையும் ஊரிலேயே வைத்திருப்பார்கள். ஊரில் ஓட்டு இருந்தால் டெல்லியில் வீடு இல்லை.

நம் அக்கா காகிதங்களை மஞ்சள் பையில் போட்டு அரிசி டின்னுக்குள் வைத்திருந்தார். எலி கடிக்காது, மழை நனைக்காது, தீப்பிடித்தால் டின்னோடு தூக்கிக்கொண்டு ஓடலாம். அதில் அவர் மாமியாரின் வி.பி. சிங் டோக்கன் ஒன்று இருந்தது, 1990 கணக்கெடுப்பில் ஜுக்கிக்கு ஜுக்கி கொடுத்த அட்டை. "இதைக் காட்டினா எல்லாம் நடக்கும்னு எங்க அத்தை சாகுறவரைக்கும் சொல்லிட்டே இருந்துச்சு சார்" என்றார். முப்பது வருடம் கழித்து நடந்த சர்வேயில் அதை யாரும் வாங்கிப் பார்க்கவில்லை.

வீடு கிடைத்தவருக்காவது பிரச்சினை தீர்ந்ததா? நரேலாவிலிருந்து ஜங்புராவுக்கு வருவதை யோசித்துப் பாருங்கள். டெல்லி மாநகரப் பேருந்தில் 2019 அக்டோபரிலிருந்து பெண்களுக்கு டிக்கெட் இலவசம். நல்ல திட்டம், அதனால் பிழைத்த குடும்பங்களை நான் அறிவேன். ஆனால் இலவச டிக்கெட் நேரத்தைத் திருப்பித் தராது. இரண்டு பஸ் மாறி, போக இரண்டரை மணி, வர இரண்டரை மணி. விடியற்காலை நாலு மணிக்குக் கிளம்ப அங்கே தெருவிளக்கு வேண்டும், பஸ் வேண்டும், தைரியமும் வேண்டும். ரிதாலாவிலிருந்து நரேலா வழியாகக் குண்ட்லிக்கு மெட்ரோ நீட்டிப்புக்கு 2024 டிசம்பரில் ஒன்றிய அமைச்சரவை ஒப்புதல் கொடுத்தது. தண்டவாளம் வந்து சேர ஆண்டுகள் ஆகும். அதற்குள் கோட்டிக்காரர்கள் வேறு ஆளைப் பிடித்துவிடுவார்கள். ஆண்கள், கூலியாட்கள் வேலைக்குக் காத்து நிற்கிற லேபர் சௌக்கிலேயே படுத்துக்கொண்டு வாரம் ஒருமுறை வீட்டுக்குப் போகிறார்கள். பெண்களால் அது முடியாது. இடம் மாறும்போது குடும்பத்தில் முதலில் போவது பெண்ணின் சம்பளம். பிள்ளைகளுக்குத் தமிழ்ப் பள்ளியும் கைவிட்டுப் போகிறது, கழகத்தின் ஏழு பள்ளிகளில் ஒன்றும் நரேலா பக்கம் இல்லை. ஊர் திரும்ப விரும்புவோருக்கு உதவுவதாகத் தமிழ்நாடு அரசு அறிவித்தது. அது கைகொடுத்திருக்கலாம், ஆனால் டெல்லியிலேயே பிறந்து நாற்பது வயதானவருக்கு எந்த ஊர்?

கொஞ்சம் பொறுங்கள், நகரம் அங்கேயும் வரும் என்பார்கள். வரும்தான். 1976இல் சகதியில் இறக்கிவிடப்பட்ட திரிலோக்புரிக்கு இன்று மெட்ரோ நிலையமே இருக்கிறது. அதற்கு நாற்பது வருடம் ஆனது. பொறுக்க முடியுமா என்பதற்கு அகமதாபாத்தில் ஒரு சோதனை தானாகவே நடந்தது. 1987இல் அங்கே பீடித் தொழிலாளர் பெண்களுக்குக் குலுக்கல் முறையில், நகரத்திலிருந்து 12 கிலோமீட்டர் தள்ளி வீடுகள் கொடுத்தார்கள். பதினான்கு ஆண்டுகள் கழித்து ஆய்வாளர்கள் போய்ப் பார்த்தபோது, வென்றவர்களில் 34 சதவீதம் பேர் குடியேறவே இல்லை, 32 சதவீதம் பேர் போய்விட்டுத் திரும்பியிருந்தார்கள். குலுக்கலில் தோற்றவர்களை விட வென்றவர்களின் வருமானம் கூடியிருக்கவில்லை. அது 12 கிலோமீட்டர். இங்கே 40.

அதே இடத்தில் கட்டித் தருவது முடியாத காரியமும் இல்லை. கல்காஜியில் பூமிஹீன் கேம்ப்காரர்களுக்காகப் பக்கத்திலேயே 3,024 ஃபிளாட்டுகள் 2022 நவம்பரில் திறக்கப்பட்டன. அசோக் விஹாரில் 1,675 ஃபிளாட்டுகள் 2025 ஜனவரியில். ஒரு ஃபிளாட்டுக்கு அரசுக்குச் செலவு 25 லட்சம், குடும்பம் கட்டுவது 1.42 லட்சமும் ஐந்தாண்டுப் பராமரிப்புக்கு 30,000மும் என்று கணக்குச் சொன்னார்கள். அடுக்குமாடியில் லிப்ட் நின்றால் யார் சரிசெய்வது, தள்ளுவண்டியை எங்கே நிறுத்துவது, ஆடு வளர்த்தவர் ஆட்டை என்ன செய்வது என்ற தொல்லைகள் அங்கேயும் உண்டு. தகுதிப் பட்டியலில் விடுபட்டவர்கள் அங்கேயும் உண்டு. பூமிஹீன் கேம்ப்பில் மிச்சமிருந்த ஜுக்கிகளும் 2025 ஜூனில் இடிக்கப்பட்டன. ஆனால் வீடு கிடைத்தவர்கள் மறுநாள் காலை பழைய வேலைக்கு நடந்தே போனார்கள்.

அக்காவின் கேம்ப் எடுக்கப்பட்டுச் சில வருடங்கள் ஆகின்றன. எப்படியோ பெயர் சரியாகி அவருக்கு ஊருக்கு வெளியே நாலாவது மாடியில் ஃபிளாட் ஒன்று வந்தது. முதல் மூன்று மாதம் அங்கிருந்து வந்து போனார். இரண்டு வீட்டு வேலை போனது. இப்போது எங்கள் பக்கத்து லால் டோரா கிராமத்தில் 5,500 ரூபாய் வாடகைக்கு ஓர் அறை, கரண்ட் யூனிட்டுக்கு ஒன்பது ரூபாய் தனி. நாலு வீடு பார்க்கிறார், ஐந்தாவதைத் தேடிக்கொண்டிருக்கிறார். ஃபிளாட்டை வாடகைக்கு விட விதி இடம் தராது, பூட்டியே வைத்திருந்தால் சோதனைக்கு வருகிறவர்கள் ஒதுக்கீட்டை ரத்து செய்வார்களோ என்று பயம். அதனால் மாதத்தில் இரண்டு ஞாயிற்றுக்கிழமை குடும்பத்தோடு அங்கே போய் விளக்கேற்றி, துணி துவைத்து, பக்கத்து வீடுகளில் எல்லோரும் பார்க்கிற மாதிரி வெளிக்கொடியில் காயப்போட்டுவிட்டு ராத்திரி திரும்புகிறார்.

"துணி காயுதுல்ல சார், ஆள் இருக்காங்கன்னு அர்த்தம்."